கார்டண்ணனின் திறந்த வீடு

மனித நாகரிகம் இரண்டே கண்டுபிடிப்புகளின் மேல்தான் நிமிர்ந்து நிற்கிறது. ஒன்று நெருப்பு. மற்றொன்று விசிட்டிங் கார்டு.

இப்படி முழங்கிவிட்டு, சனிக்கிழமை வகுப்புக்கு வந்திருந்த வீட்டுத் தரகர்களைக் கார்டண்ணன் ஒரு சுற்றுப் பார்த்தார். முன்வரிசையில் இருந்தவர் அவருடைய கார்டை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார். நாகரிகம் எப்படியோ, மேசை நிமிர்ந்துவிட்டது.

வகுப்பெடுத்தவரும் தரகர்தான். ஆனால் வீடு விற்பதைவிட, வீடு விற்பது எப்படி என்று விற்பதில் கைதேர்ந்தவர். ஊரில் கார்டண்ணன் என்றால்தான் தெரியும். முடிவெட்டுபவர் கத்தரியை எடுக்கும்முன் அவர் கையில் கார்டு இருக்கும். ஒருமுறை பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்ல, இவர் சட்டைப்பையைத் திறந்தார். பேருந்தின் முதுகில் அவருடைய சிரித்த முகம் ஊரெல்லாம் போய்வந்தது. புகைக்குழாய் சரியாக வாய்க்கு நேரே அமைந்துவிட்டதால், வண்டி கிளம்பும்போதெல்லாம் அண்ணன் பீடி பிடிப்பதுபோல் இருக்கும். அதற்கென்ன, நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்களே என்பார்.

அவருடைய வகுப்பை யாரோ வீடியோ எடுத்துப் போட, பக்கத்து ஊர்த் தரகர்கள்வரை அதை மனப்பாடம் செய்துவைத்திருந்தார்கள். அதில் இரண்டு போதனைகள் வேதவாக்கு. "வாங்க வந்தவங்ககிட்ட நீ யாருன்னு முதல்ல சொல்லவே சொல்லாத. தரகன்னு தெரிஞ்சா மனுஷன் பின்னங்கால் பிடரியில பட ஓடுவான். வீட்டைப் பாராட்டு, அவன் குடும்பத்தை விசாரி. மனசு இளகுச்சா, அப்போ கார்டை நீட்டு" என்பது முதலாவது. "முகத்தைப் பாக்காத, காலைப் பாரு. நிஜமா வாங்குறவன் பளபளன்னு ஷூ போட்டு வருவான். செருப்பை இழுத்துக்கிட்டு வந்து குழாயைத் திறந்து பாக்குறது அக்கம்பக்கம். வேடிக்கை பாக்க வந்தது" என்பது இரண்டாவது.

இந்த உரைகளை அவர் தினமும் விடியற்காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்ப்பார். அங்கேதான் குரலுக்கு ஒரு கம்பீரம் வருகிறதாம்.

"என்னங்க, கொஞ்சம் மெதுவா. சுவரு மெல்லிசு" என்பாள் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். காலையில் எழுந்ததுமே ஊசியையும் குழலையும் நினைப்பவளுக்கு இந்தச் சத்தம் கூடுதல் தண்டனை.

"கேக்கட்டுமே. அதுவும் விளம்பரம்தான்."

இப்படிப்பட்டவருக்கு வந்த சோதனை, மனைவியின் தங்கை வடிவில் வந்தது. மச்சினிக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை. இப்போது வயிற்றில் இரட்டை. இருப்பதோ மூன்றாம் மாடியில் இரண்டே அறை. கீழ்த்தளத்தில் பெரிய வீடாக ஒன்று பார்த்துப் பிடித்தும் போயிற்று. அதை வாங்க வேண்டுமானால் இது விற்க வேண்டும். பெரிய வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒரு பதில் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றுவிட்டார்.

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றீங்க. என் தங்கச்சி வீடு மாசக்கணக்கா அப்படியே கிடக்கு. இது மட்டும் கை நழுவிப் போச்சுன்னா, எங்க அம்மா வீட்டுப் பக்கம் நீங்க தலை காட்டவே வேணாம். அங்க உங்க கார்டை யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள் மனைவி.

கார்டண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "திறந்த வீடு வைக்கிறேன்."

"அது எப்பவும் திறந்துதான் கிடக்கு மாமா. தாழ்ப்பாள் போய் ரெண்டு வாரம் ஆச்சு" என்றாள், அக்காவைப் பார்க்கப் புருஷனோடு வந்திருந்த மச்சினி.

திறந்த வீடு என்றால் என்ன என்று அவர் விளக்கினார். ஒரே நாளில், ஒரே நேரத்தில், வாங்க நினைப்பவர்கள் எல்லோரையும் வரவழைப்பது. ஒருவர் ஆசைப்படுவதை இன்னொருவர் பார்ப்பார். ஆசை தொற்றுநோய் மாதிரி பரவும்.

"யாரு வருவா?" என்று கேட்டார் சகலை. மச்சினியின் புருஷனான அவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சில் எண்ணெய் போட மாட்டார்.

"என் தொடர்பு எல்லாம் வரும் தம்பி. நான் லிஃப்டுல மூணு மாடி ஏறுறதுக்குள்ள மூணு பேரைச் சிநேகிதம் பிடிச்சுடுவேன்."

"தெரியுமே. போன மாசம் உங்களோட லிஃப்டுல மாட்டிக்கிட்ட மூணு பேரை நான்தானே வெளிய எடுத்தேன். தண்ணி வேணுமான்னு கேட்டேன். தண்ணி வேணாம், படிக்கட்டு எங்கன்னு சொல்லுன்னாங்க."

அன்றே கார்டண்ணன் தன் கைபேசியில் இருந்த எல்லாக் குழுக்களுக்கும் ஒரு செய்தி தட்டினார்: 'ஞாயிறு காலை. வாங்குபவர்கள் குவியப்போகும் திறந்த வீடு. தவறவிடாதீர்கள்.' தன் அலுவலகத்து ஆட்களை மட்டும் வராதே என்று தடுத்துவிட்டார். தரகர் தலை தெரிந்தால் வந்தவர்கள் மிரள்வார்களாம்.

ஞாயிறு காலை முதல் வேலையாக வீட்டுக்கு ஒப்பனை நடந்தது. பிள்ளையின் பொம்மைகள் சலவை இயந்திரத்துக்குள் போயின. சகலையின் கருவிப்பெட்டி கட்டிலுக்கடியில் ஒளிந்தது. ரொட்டி சுடும் மணம் வந்தால் மனிதன் அந்த வீட்டை விட்டுப் போக மாட்டான் என்று எங்கோ படித்தவர், வெண்ணிலா எசன்ஸைச் சூடான வாணலியில் ஊற்றினார். அது கருகியது. இரட்டைப் பிள்ளைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

"மணம் வேலை செய்யுதுண்ணா. ஒரு ஆளு நகர்ந்தாச்சு" என்றார் சகலை.

ஆனால் கூட்டம் வந்தது. மறுக்கவே முடியாது. கதவு திறந்த சிறிது நேரத்தில் வாசலில் ஷூக்கள் வரிசை கட்டின. கறுப்பு, பழுப்பு, கூர்மூக்கு. எல்லாம் முகம் பார்க்கலாம்போல் பளபளப்பு. கார்டண்ணன் குனிந்து பார்த்தார், கண் பனித்துவிட்டது.

"பாத்தியா?" என்று சகலையின் விலாவில் இடித்தார். "ஒவ்வொண்ணும் வாங்குற காலு!"

உள்ளே போய்க் காது கொடுத்தார். படுக்கையறையில் சாம்பல் நிறக் கோட்டுக்காரர் ஒருவரும் கழுத்துப்பட்டைக்காரர் ஒருவரும் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று உருகிக்கொண்டிருந்தார்கள்.

"ரூம் என்ன காத்தோட்டம் பாத்தீங்களா!"

"அருமை சார், அருமை. உங்க குடும்பத்துல எத்தனை பேரு?"

"நம்ம கதை கிடக்கட்டும் சார். உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"இருக்காங்க சார், உங்க ஆசீர்வாதம். நீங்க சொல்லுங்க, இப்ப இருக்கிற வீடு பத்தலையோ?"

"உங்களுக்கு எப்படி?"

இருவரும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. கூடத்தில் நாலு ஜோடி, பால்கனியில் இரண்டு ஜோடி, குளியலறை வாசலில் ஒரு ஜோடி என்று எல்லா இடத்திலும் இதே நலம் விசாரிப்பு. ஒரு கல்யாண வீட்டில்கூட இவ்வளவு அக்கறையைப் பார்க்க முடியாது. யாரும் விலை கேட்கவில்லை. "நாகரிகமான கூட்டம்" என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினார் கார்டண்ணன். அவளுக்கு அன்று வேலை. மாற்று ஆள் வந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

அப்போதுதான் அந்த ரப்பர் செருப்பு வந்தது.

குதிகால் தேய்ந்த நீலச் செருப்பு. அதைப் போட்டிருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தூக்கம் காணாத கண். நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஜன்னலை மூடி, காதை வைத்து நின்றாள்.

அக்கம்பக்கம், என்று அவர் மனத்துக்குள் முத்திரை குத்தினார்.

"காலையில இங்க சத்தம் எப்படி? பக்கத்து வீட்டுப் பேச்செல்லாம் கேக்குமா?" என்று கேட்டாள் அவள்.

"துடிப்பான சூழல் மேடம்" என்றார். சத்தம் அதிகமான வீடுகளுக்காக அவர் கண்டுபிடித்த சொல் அது, பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. அவள் முகம் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. சிரித்தபடி, "என்னை எங்கயோ பாத்த மாதிரி இருக்குமே?" என்றார். இது அவர் எல்லோரிடமும் கேட்பது.

"பாத்ததுன்னா பெருசா இல்ல. உங்க குரலைக் கேட்டிருக்கேன்."

"ஓ, வீடியோ!" புகழின் எடை தாங்காமல் அவர் லேசாகத் தலை குனிந்தார். "சரிம்மா, வந்ததுதான் வந்தீங்க, இந்த பிஸ்கட் தட்டைக் கொஞ்சம் பிடிங்க. கூடத்துல முக்கியமான ஆளுங்க இருக்காங்க."

அவள் தட்டைக் கையில் வாங்கினாள். கூடத்துப் பக்கம் பார்த்தாள். பிறகு அதை மேடையில் வைத்துவிட்டு, மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த மச்சினியின் காலைப் பார்த்தாள்.

"என்னங்க இப்படி வீங்கியிருக்கு? காலைத் தொங்கவிடாதீங்க. இந்தக் குடத்தைக் கவுத்து அது மேல வைங்க. எத்தனாவது மாசம்?"

கார்டண்ணனுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. கூடத்துக்குத் திரும்பிவிட்டார். அங்கே அன்பு முற்றிக்கொண்டிருந்தது. ஆனால் ஞாயிறு நின்று கேட்குமா? வெயில் பால்கனியை விட்டு இறங்கத் தொடங்கியது. வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்த சகலை எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, பெரிய வீட்டுக்காரர் போன் பண்ணிட்டார். என்ன சொல்ல?"

"ஒரே நிமிஷம்னு சொல்லு. கனிஞ்சாச்சு. பறிக்க வேண்டியதுதான்."

கூடத்தின் நடுவில் போய் நின்று கையைத் தட்டினார். குளியலறையில் வரும் அதே கம்பீரம் அன்று கூடத்திலும் வந்தது.

"பெரியோர்களே! இந்த வீட்டை நீங்க நேசிக்கிறதை நான் கண்ணாலயே பாத்துட்டேன். இனி மறைக்க வேணாம். உண்மையான ஆசை உள்ளவங்க, இப்போ, இந்த நொடியில, முன்னால வாங்க!"

பிறகு ஒரே சமயத்தில் எல்லாக் கைகளும் சட்டைப்பைக்குள் போயின. எல்லாக் கைகளும் வெளியே வந்தன. எல்லாக் கைகளிலும் கார்டு.

சாம்பல் கோட்டுக்காரர் தன் கார்டைக் கழுத்துப்பட்டைக்காரரிடம் நீட்டினார். கழுத்துப்பட்டைக்காரர் தன்னுடையதை அவரிடம் நீட்டினார். இருவரும் படித்தார்கள்.

"நீங்களும் தரகரா?"

"அப்போ நீங்க?"

"அடப்பாவி, காலையில இருந்து உன் பிள்ளைகளை விசாரிச்சுக்கிட்டு இருக்கேனேய்யா!"

"எனக்குப் பிள்ளையே இல்ல சார். இன்னும் கல்யாணமே ஆகல."

பால்கனி ஜோடிகளும் அதே செய்தியோடு உள்ளே வந்தன. ஒரு தரகர், ஒரு கடன் முகவர், ஒரு காப்பீட்டுக்காரர், பெயின்ட் ஒப்பந்தக்காரர் ஒருவர்; மிச்சமெல்லாம் மறுபடியும் தரகர்கள். வாங்குபவர்கள் குவிவார்கள் என்ற செய்தியை நம்பி, அவர்களை அள்ளிக்கொண்டு போக வந்தவர்கள். நீ யாரென்று முதலில் சொல்லாதே என்று படித்திருந்ததால் யாரும் சொல்லவில்லை.

"யாரு சொல்லிக் கொடுத்தது உங்களுக்கு இதை?" என்று கத்தினார் கார்டண்ணன்.

அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். மரியாதையோடுதான் பார்த்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஷூக்கள் ஒவ்வொன்றாக வாசலை விட்டுப் போயின. போகிற போக்கில் ஒருவர், "சார், அடுத்த வகுப்பு எப்போ?" என்று கேட்டார். சகலை அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படிக்கட்டைக் காட்டினார்.

காலியான கூடத்தில் கார்டண்ணன் உட்கார்ந்தார். மாமியார் வீட்டு வாசல் கண்முன் வந்து போனது. சமையலறையில் இருந்து மச்சினியின் குரல் கேட்டது.

"மாமா! அவர்கிட்ட வாங்கிக்கிறோம்னு சொல்லச் சொல்லுங்க. பெரிய வீட்டுக்காரர்கிட்ட."

"எப்படிம்மா சொல்றது? யாரு இதை வாங்குறா?"

"இவங்கதான். இப்பதான் பேசி முடிச்சோம். நீங்க சூழல் துடிக்குதுன்னு சொன்னதும் கிளம்பிப் போகப் பாத்தாங்க. நான்தான் பிடிச்சு உக்கார வச்சு, மாமா சும்மா சொல்றாரு, இந்த வீட்டுல ஊசி விழுந்தாலும் கேக்கும், அவ்வளவு அமைதின்னு சொன்னேன்."

குடத்தின் மேல் கால் நீட்டியிருந்த மச்சினிக்குப் பக்கத்தில், அந்த ரப்பர் செருப்புப் பெண் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். சகலை கரி படிந்த வாணலியோடு பெரிய வீட்டுக்காரருக்குப் போன் போட ஓடினார்.

கார்டண்ணன் விழுந்த வேகத்திலேயே எழுந்தார். தொழில் தொழில்தான். "நான் அப்பவே நினைச்சேன்! திறந்த வீட்டோட மகிமை இது" என்றவர் கைபேசியை எடுத்தார். வாங்கியவர் வாயாலேயே ஒரு நல்ல வார்த்தை வாங்கிப் பதிவு செய்தால் அது நூறு கார்டுக்குச் சமம் என்பதும் அவர் போதனைதான். "இங்க பாருங்க மேடம். சிரிங்க. எந்தத் தொடர்பு மூலமா இந்த வீடு பத்தித் தெரிஞ்சுது?"

"துணி காயப்போடுற இடத்துல உங்க வீட்டம்மா சொன்னாங்க."

இந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள். அந்தப் பெண்ணைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அட, வந்துட்டீங்களா? பிடிச்சிருக்கா? என்னங்க, இவங்களைத் தெரியலையா? நம்ம பக்கத்து வீடுங்க! ஆஸ்பத்திரியில நர்ஸு. அஞ்சு வருஷமா அங்கதானே இருக்காங்க. எதிர்ல வந்தா நீங்க எப்பவும் போன்லயே இருப்பீங்க."

கார்டண்ணன் சிரிப்பை விடவில்லை. பதிவும் ஓடிக்கொண்டிருந்தது. "ரொம்ப நல்லது! சொல்லுங்க மேடம், அந்த நல்ல வீட்டை விட்டு ஏன் மாறணும்னு முடிவெடுத்தீங்க?"

நர்ஸ் மனைவியைப் பார்த்தாள். மனைவி ஜன்னலைப் பார்த்தாள்.

"நைட் டியூட்டி சார். விடியிற நேரம்தான் வந்து படுப்பேன்" என்றாள் நர்ஸ். "எத்தனை பஞ்சு வச்சாலும் தூங்க முடியல."

கார்டண்ணனின் குளியலறைக்கும் அவள் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர்.