வாயை மட்டும் அசைங்க

ஜெயக்கொடியின் தொண்டையில் இருந்த கட்டியை மார்ச் மாதம் எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "டிசம்பருக்குள்ள பாடிருவேனா?" என்பதுதான். டாக்டர் சிரித்தார். சிரிக்கிற விஷயமா அது? நகரத்தின் பெரிய கிறிஸ்துமஸ் பாடகர் குழுவில், தொண்ணூற்றாறு பேரில் ஒருத்தியாகப் பதினோரு வருடம் நின்றவள் அவள். ஆல்ட்டோ வரிசை, அதாவது பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற வரிசை. மற்றபடி நாகமலை புதுக்கோட்டையில் சோளமும் கடலையும் போடுகிற குடும்பத்து மருமகள், பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பாட்டு. குலசாமிக்குப் பொங்கல் வைக்கிறவளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு எதற்கு என்று சொந்தத்தில் நாலு பேர் கேட்டார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

குரல் திரும்பி வந்தது. வந்தது யாருடைய குரல் என்றுதான் தெரியவில்லை. கரகரவென்று இருந்தது, மேலே போனால் பாதியில் காணாமல் போனது. பிராக்டிஸில் முன்பு பாடிய இடத்தை எல்லாம் தடவித் தடவிப் பாடினாள்.

நவம்பர் முதல் ஞாயிறு, பிராக்டிஸ் முடிந்ததும் ஞானதிரவியம் மாஸ்டர் அவளை மாடிப்படிக்குக் கீழே தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். யாரையும் புண்படுத்தத் தெரியாது. அதுதான் அவரிடம் இருந்த ஒரே கோளாறு.

"ஜெயக்கொடிம்மா, உங்கள விட்டுட்டுப் பாட எனக்கு மனசு வராது. வழக்கம்போல வரிசையில நில்லுங்க. வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேண்டாம். இது நமக்குள்ளயே இருக்கட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவள் தலையாட்டினாள். வெளியே டீக்கடையில் காத்திருந்த புருஷன் சிவனாண்டியின் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டியதும் அவன், "என்னத்தா, இன்னைக்கு நல்லாப் பாடுனியா?" என்று கேட்டான். "ம்" என்றாள். அதற்குப் பிறகு வந்த ஆறு ஞாயிறும் அதே கேள்வி, அதே "ம்". ஆறு ஞாயிறு அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். வெட்கக்கேடு என்றால் அதுதான் வெட்கக்கேடு. பக்கத்தில் நின்ற கனகாவுக்கும் சுந்தரம்மாளுக்கும் தெரிந்துவிடுமோ என்று உள்ளூர உதறிக்கொண்டே இருந்தாள். நல்லவேளை, பின்வரிசையில் பவதாரிணியும் அவளுடைய விடுதித் தோழிகள் இரண்டு பேரும் நின்றார்கள். மூன்றும் இளந்தொண்டை. அந்த மூன்று குரலுக்கு முன்னால் யார் பாடுகிறார்கள், யார் பாடவில்லை என்று கடவுளுக்கே தெரியாது.

கச்சேரி அன்று சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் செய்தி வந்தது. விடுதியில் காய்ச்சல். பவதாரிணியும் தோழிகளும் எழுந்திருக்கக்கூட முடியாமல் கிடக்கிறார்கள். ஆறு மணிக்கு ஆரம்பம். அரங்கத்தில் இருக்கை எல்லாம் நிரம்பி, ஓரத்தில் ஆட்கள் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மாஸ்டர் முகத்தில் ரத்தமே இல்லை. பதினான்கு பேர் இருந்த ஆல்ட்டோ வரிசையில் இப்போது பதினோரு பேர். அவர்கள் முன்னால் வந்து நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆல்ட்டோ, இன்னைக்கு ஆள் கம்மி. எல்லாரும் நல்லா சத்தமாப் பாடணும். எல்லாரும். புரியுதா?"

'எல்லாரும்' என்று சொல்லும்போது அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தன்னைப் பார்த்தபோது ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். இது நமக்கில்லை, பாட முடிந்தவர்களுக்கு. நமக்கென்றால் அன்றைக்குப் போலத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பாரே. அவருக்கும் வேறு வழியில்லை. அத்தனை பேர் முன்னால், ஜெயக்கொடி இனிமேல் நீங்கள் பாடலாம் என்று சொன்னால், இத்தனை நாள் பாடவில்லை என்பது சந்தி சிரித்துவிடும்.

முதல் நாலு பாட்டும் தப்பித்தன. கீபோர்டும் ஆண்களின் குரலும் ஆல்ட்டோவின் ஓட்டையை மூடிவிட்டன. ஜெயக்கொடி வாயை அசைத்தாள். அரங்கத்தில் மூன்றாவது வரிசையில் சிவனாண்டி போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க முடியாமல் அவள் மாஸ்டரின் கையையே பார்த்தாள்.

ஐந்தாவது பாட்டு மாஸ்டரே எழுதியது. நிறைமாதக் கர்ப்பிணியோடு ஒருவன் ஊரெல்லாம் இடம் கேட்டு அலைகிற பாட்டு. நடுவில் ஓரிடத்தில் கீபோர்டு நின்றுவிடும், எல்லாக் குரலும் நின்றுவிடும், ஆல்ட்டோ மட்டும் தனியாகக் கேட்க வேண்டும்: 'யார் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது?' அதற்கு ஆண்கள், 'இடமில்லை' என்று பதில் பாடுவார்கள்.

அந்த இடம் வந்தது. கீபோர்டு நின்றது. மாஸ்டரின் கை ஆல்ட்டோ பக்கம் திரும்பி, அழைத்தது.

ஒன்றும் வரவில்லை.

இடது பக்கம் கனகாவின் வாய் அழகாகத் திறந்திருந்தது. சத்தம் இல்லை. வலது பக்கம் சுந்தரம்மாளின் வாயும் திறந்திருந்தது. அங்கேயும் சத்தம் இல்லை. பின்னால் நின்றவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, யாராவது ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். எப்போதும் பவதாரிணி எடுத்துக் கொடுத்துப் பழகிய கூட்டம் அது. மாஸ்டரின் கை காற்றில் ஒரு தட்டுத் தட்டியது. இன்னொரு தட்டு. அவர் கண்கள் கெஞ்சின.

பாவிகளா, நீங்களுமா? ஜெயக்கொடிக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய? பாட வேண்டும். பாடினால் குரல் உடையும். உடைந்தால் இந்த அரங்கம் முழுக்கக் கேட்கும், புருஷன் போனில் பதியும், காலத்துக்கும் இருக்கும். பாடாவிட்டால் யாருக்கும் அவளைத் தெரியப்போவதில்லை. பதினோரு பேரில் ஒருத்தி. பேசாமல் நின்றுவிடலாம்.

அவள் பேசாமல் நிற்கவில்லை. கோபம்தான் அவளைப் பாட வைத்தது.

'யார் வீட்டு…'

கரகரவென்று வந்தது. முன்வரிசையில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். 'கதவு' என்ற இடத்தில் குரல் ஏற வேண்டும். ஏறாது என்று அவளுக்குத் தெரியும். ஏற முயன்றால் அங்கேயே அறுந்துவிடும். அவள் ஏறவில்லை. எழுதியிருந்ததை விட்டுவிட்டு, தன்னால் முடிந்த கீழ்ச் சுரத்துக்கு இறங்கினாள். அங்கே குரல் நின்றது. கரடுமுரடாக, ஆனால் உறுதியாக நின்றது. கேட்டதும் கனகா பாய்ந்து பிடித்துக்கொண்டாள். பிறகு சுந்தரம்மாள். பிறகு பின்வரிசை மொத்தமும் அவள் இறங்கிய இடத்துக்கே இறங்கி வந்தது. '…திறந்திருக்கிறது?' என்று பதினோரு பேரும் சேர்ந்து கேட்டார்கள். 'இடமில்லை' என்று ஆண்கள் பதில் பாடினார்கள்.

மீதிக் கச்சேரி எப்படி முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. கைதட்டல் கேட்டது. எல்லாரும் மேடைக்குப் பின்னால் இருந்த வராந்தாவுக்கு வந்தார்கள். கனகா அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான் பாடவே கூடாதுக்கா. மாஸ்டர் வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தாரு. யார்ட்டயும் சொல்லிறாதீங்க."

"எப்பச் சொன்னாரு?"

"நவம்பர்ல. மாடிப்படிக்குக் கீழ வச்சு."

சுந்தரம்மாள் இவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அறுபது வயது, முப்பது வருடப் பாட்டு. "எனக்கும் அதே மாடிப்படிதான்" என்றாள். இன்னும் மூன்று பேர் மெல்லக் கையைத் தூக்கினார்கள். ஜெயக்கொடியோடு ஆறு பேர். பதினான்கில் ஆறு பேரை மனுஷர் ரகசியமாக ஊமையாக்கியிருக்கிறார், ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தியை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சுந்தரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அப்போது பார்த்து மாஸ்டர் வந்தார். ஆட்களை விலக்கிக்கொண்டு நேராக ஜெயக்கொடியிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் இப்படித் தள்ளி வாங்கம்மா, ஒரு விஷயம்" என்றார்.

"வரமாட்டேன் மாஸ்டர்" என்றாள் ஜெயக்கொடி. தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. வராந்தாவில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க. அன்னைக்கே எல்லாரையும் வச்சு, உங்க ஆறு பேருக்கும் குரல் சரியில்லன்னு சொல்லியிருந்தா, ஆறு பேரும் ஒன்னா உக்காந்து அழுதிருப்போம். அழுது முடிச்சிட்டு, எங்களுக்கு எம்புட்டு முடியுமோ அம்புட்டுக்கு ஒரு வரி எழுதித் தாங்கன்னு கேட்டிருப்போம். ஒன்னரை மாசமா ஒவ்வொருத்தியும் தனித்தனியா செத்துக்கிட்டு இருந்தோம் மாஸ்டர்."

ஞானதிரவியம் மாஸ்டர் கையில் இருந்த பாட்டுத் தாளைச் சுருட்டினார், விரித்தார். ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்த முறை யாரும் தலையைக் குனியவில்லை.

"மன்னிச்சிருங்கம்மா" என்றார். அதை அவர் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்.