பெரிசு மேல் கோபம்

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. அன்றைக்கு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் பீரோ ஏற்றிவிட்டு வந்தேன். குளிக்கக்கூடத் தெம்பில்லை. சாப்பிடலாம் என்று அடுப்படிக்குப் போனால், காலையில் மனைவிக்கு எடுத்து வைத்த சாப்பாடு மூடியது மூடியபடி இருந்தது.

"ஏன் சாப்பிடல?"

"பசிக்கல."

"நேத்தும் இதையேதான் சொன்ன. வயித்துல ரெண்டு இருக்கு, நீ ஒரு ஆளுக்குக்கூட சாப்பிட மாட்டேங்கற."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேணும்னுதாங்க சாப்பிடல. பெரிசு கொஞ்சம் ஒடுங்கட்டும்."

உட்கார்ந்துவிட்டேன். போன ஸ்கேனில், இரட்டையில் ஒன்று நன்றாக வளர்கிறது, இன்னொன்று பின்தங்கிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து வலப்பக்கம் உதைப்பது எங்களுக்குப் பெரிசு. இடப்பக்கம் அதிகம் அசையாமல் கிடப்பது சிறுசு. வேலையில் என்னோடு ஜோடியாகத் தூக்கும் குண்டனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "உள்ளயே ஒருத்தன் மேஸ்திரி, ஒருத்தன் கூலியாடா? மேஸ்திரி தட்டுல கை வை, கூலிக்குத் தானா மிஞ்சும்." அதை வீட்டில் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மருந்துபோல எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. அவர்களுக்கும் தூக்கமில்லாமல் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"ஏம்மா, பெரிசு யாருதையும் பிடுங்கல. சிறுசோட தொப்புள்கொடி நஞ்சுக்கொடியில ஓரமா ஒட்டியிருக்கு. அதுக்கு ரத்தம் வர்ற வழியே குறுகல். நீ பட்டினி கெடந்தா ரெண்டும்தான் வாடும்."

"அப்ப அது மேல தப்பே இல்லையா?"

"பாவம், அதுக்கு என்ன தெரியும்?"

அவள் வயிற்றின் வலப்பக்கம் கையை வைத்தாள், எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல இருந்தாள்.

அப்புறம் டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்கள். சிறுசுக்குப் போகிற ரத்தம் ரொம்பக் குறைந்துவிட்டது. விட்டால் உள்ளேயே அடங்கிவிடும். இப்போதே ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழி இருக்கிறது. ஆனால் ஒன்றை எடுத்தால் இன்னொன்றையும் எடுத்தாக வேண்டும். பெரிசுக்கு நுரையீரல் இன்னும் முற்றவில்லை. அது இன்னும் சில வாரம் உள்ளே இருந்தால் அதற்கு நல்லது.

"நீங்க என்ன சொல்றீங்க?"

பீரோவுக்கு எந்த முனையைப் பிடிப்பது என்று எனக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள். "எடுத்துடுங்க. பெரிசு தாங்கும். தாங்கிக்கும்." சொன்ன பிறகு குனிந்து வயிற்றிடம் முணுமுணுத்தாள். "உன்னைத் திட்டித் தீத்தேன், இப்ப உன் தலையிலயே பாரத்தையும் வைக்கறேன்."

ஆபரேஷன் அறைக்கு வெளியே கால் கடுக்க நின்றேன். நர்ஸ் வந்து, ரெண்டும் பெண் என்றாள். சிறுசு கையளவுதான் இருக்கிறது, ஆனால் வந்ததும் அழுதுவிட்டது. பெரிசுக்குத்தான் மூச்சுத் திணறல், குழாய் வைத்திருக்கிறோம், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றாள்.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டாள். "சிறுசு?"

"அழுதுச்சு. நல்லா அழுதுச்சு."

"பெரிசு?"

பொய் சொல்லத் தெம்பில்லை. உள்ளதைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாளும் சிறுசுக்காக அழுதவள், முதல் தடவையாக மற்றதற்காக அழுதாள்.

சக்கர நாற்காலியில் உட்காரலாம் என்று அனுமதித்ததும் தள்ளிக்கொண்டு போனேன். கண்ணாடி அறை வாசலில் நர்ஸ் கேட்டாள்.

"எதை முதல்ல பாக்கறீங்க? சிறுசு இந்தப் பக்கம்."

"பெரிசை," என்றாள் அவள். "அது கிட்ட நான் பேசணும்."