எதிர்ப்பக்கம் சாய்ந்த ஒட்டு

சுமைதூக்கி தன் வீட்டு வாசலில் கார்ப்பெட்டுக்கு ஒட்டுப் போட்ட பிறகு, அந்த வீட்டிலிருந்து பெட்டியோடு கிளம்பியவர்கள் எல்லாரும் உள்ளேதான் வந்து சேர்ந்தார்கள். வேலைக்கும் கடைக்கும் போய்த் திரும்புகிறவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. வேறிடத்தில் தங்கப் போகிறவர் கால் வைத்தால் மட்டும் அடுத்த அடி கூடத்தில் விழுந்தது. முதலில் மாட்டியவர் மைத்துனர். இரண்டு நாள் இருக்க வந்து ஒரு வாரம் கழித்துக் கிளம்பியவர், படி இறங்குவதாக நினைத்து சோபாவில் முழங்காலை இடித்துக்கொண்டார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பாடு ஆச்சா என்று அக்காவிடம் கேட்டார்.

கார்ப்பெட்டைக் கெடுத்தது மகள். தூரத்து ஊரில் நர்ஸ் வேலை கிடைத்த பரபரப்பில், வெள்ளை உடுப்பைத் தரையில் விரித்துத் தேய்த்தவள் இஸ்திரிப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டாள். கருகியது கையகலம்தான். ஆனால் அரைகுறை வேலை சுமைதூக்கிக்கு ஆகாது. வாசல் அகலத்துக்கே வெட்டி எடுத்தார். பீரோவுக்கு அடியிலிருந்து அதே அளவு துண்டு வெட்டி, பசை தடவி ஒட்டி, மேலே செங்கல் அடுக்கினார். அளவு மயிரிழை பிசகவில்லை, பிசகியது திசை. கார்ப்பெட்டின் இழை ஒரு பக்கமாகச் சாயும். துண்டையும் அதே பக்கம் சாயும்படி வைக்க வேண்டும். அவரோ மூட்டை அடுக்கியே முதுகு காய்த்தவர். ஒன்றுக்கொன்று வாய் மாற்றி வைத்தால்தான் அடுக்கு சரியாது என்று, துண்டையும் மாற்றியே வைத்துவிட்டார்.

மகள் திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை இன்னொருத்திக்கு. மூன்று தடவை நடந்து பார்த்தாள். நாலாவது தடவை தாண்டிக் குதித்தாள். அடுப்படியில் போய் இறங்கினாள்.

“வேணும்னே ஒட்டினீங்களா?” என்றாள் மனைவி.

“நான் என்ன மந்திரவாதியா?”

“ஒரே பொண்ணு. நீங்க எதுவும் செய்வீங்க.”

ஒட்டைப் பெயர்த்தெடுக்கக் கத்தியோடு உட்கார்ந்தார். கிடங்கிலிருந்து கொண்டுவந்த பசை கருங்கல்லாய் இறுகியிருந்தது. கத்தி முனை உடைந்தது. உடைந்ததும் தலைச்சுமை இறங்கின மாதிரி லேசாக இருந்தது அவருக்கு. அப்படி இருந்ததே அசிங்கமாகவும் இருந்தது.

“விடுப்பா. இங்கயே ஏதாவது பாத்துக்கறேன்” என்றாள் மகள். அவர் கேட்க ஆசைப்பட்ட பேச்சு அதுதான். கேட்டபிறகு அது வேண்டாமென்று இருந்தது.

“எந்திரி கண்ணு” என்றார். “சரிவுப் பலகையில பாரத்தோட இறங்குறவன் முன்னபாத்து இறங்கமாட்டான். முன்னபாத்தா மூட்டை ஆளைத் தள்ளிடும். திரும்பி நில்லு. வீட்டுக்குள்ள வர்ற மாதிரி என்னைப் பாத்துக்கிட்டே பின்னால போ.”

“போடா தம்பி, நீயும் பாத்துக் கத்துக்கோ” என்றாள் மனைவி. மைத்துனர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

மகள் அப்பாவைப் பார்த்தபடி அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கினாள். உள்ளே பார்த்த பாதங்களை ஒட்டு வெளியே திருப்பி விட்டது. முதுகு காட்டிப் போயிருந்தால் அவர் தாராளமாக அழுதிருப்பார். தெருமுனை வரைக்கும் அவள் முகம் அவரையே பார்த்திருந்ததால் அதற்கும் வழியில்லாமல் போனது.

அந்த வீட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் இப்போதும் அப்படித்தான் போகிறார்கள். வண்டிக்காரர்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு, “இன்னும் ரெண்டு படி” என்று பின்னாலிருந்து சொல்வார்கள்.