துவைக்கக் கூடாத சட்டை

இரவு பத்தரைக்கு டெஸ்ஸா கதவைத் தட்டியபோது வில்ஃப் ஹெப்வொர்த் பைஜாமாவில் இருந்தார். எண்பத்தைந்து வயது. இடது காது நசுங்கிச் சுருண்டிருக்கும். 1962இல் தோர்ன்பி ஊர் அணிக்கு ரக்பி லீக் கோப்பை வாங்கித் தந்த பதின்மூன்று பேரில் மிஞ்சியிருப்பது அவரோடு மூன்றே பேர்.

"என்ன புள்ளே, வீடு பத்திக்கிச்சா?"

"அதைவிட மோசம், வில்ஃப்." அவள் கையிலிருந்த பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "உங்க சட்டையைத் துவைச்சுட்டேன்."

அந்த ஒன்பதாம் எண் சட்டை அறுபது வருஷத்துக்கும் மேலாக கிளப்பின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, இறுதி ஆட்டத்துச் சேறு பலகையாய்க் காய்ந்தபடி. அந்தக் கண்ணாடியைத் தொடாமல் யாரும் ஆடப் போனதில்லை. நாளைய விழாவுக்காகச் செயலாளர் அதை வெளியே எடுத்து, பெண்கள் அணியின் அழுக்கு மூட்டைமேல் வைத்திருக்கிறார். இந்த வாரம் துவைக்கும் முறை அந்த அணியில் ஆடும் டெஸ்ஸாவுடையது. பார்க்காமலேயே எல்லாவற்றையும் எந்திரத்தில் கவிழ்த்துவிட்டாள்.

"நாளைக்கு ஊரே வரும். என்னை டீமைவிட்டே தூக்கிடுவாங்க." அவளுக்குப் பதினேழு வயது.

வில்ஃப் மெதுவாக உட்கார்ந்தார். "நாங்க ஃபைனல் ஆடுன மைதானத்து மேல இப்ப சூப்பர் மார்க்கெட் நிக்குது. அந்தச் சேறு இனி எங்கேயும் கிடைக்காது."

அவள் பையை அவர் முன்னால் நீட்டினாள். "தெரியும். ஆனா எந்திரத்திலிருந்து எடுத்தப்ப ஈரக் கனத்துல என் கையே கீழ போயிடுச்சு. இதையா எண்பது நிமிஷம் சுமந்து ஓடினீங்க? மாத்து ஆளே கிடையாதாமே?"

"மாத்து ஆளா? எங்க டீம் டாமிக்குத் தோள் எலும்பு உடைஞ்சப்புறம் பன்னெண்டு பேராத்தான் முடிச்சோம்." அவர் பைக்குள் கையை விட்டார். "ரெண்டு டீமும் தோளோட தோள் முட்டிப் பந்துக்குத் தள்ளுற ஸ்க்ரம்ல இப்ப நீங்க பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி சாய்ஞ்சு நிக்கிறீங்க. நான் ரெண்டு பக்கமும் ஆளைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே காலால பந்தை இழுக்கணும். எதிராளியும் இழுப்பான். ஒண்ணு பந்து கிடைக்கும், இல்லேன்னா காது போகும்."

"காது போச்சா?"

"பந்தும் கிடைச்சுது."

சட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பைஜாமா முழுக்க நனைந்தது. கண்ணை மூடி அப்படியே நின்றார். கூனியிருந்த முதுகு நிமிர்ந்ததுபோல டெஸ்ஸாவுக்குத் தோன்றியது.

"பெட்டிக்குள்ள இருந்தப்ப இது என்னோடதுன்னே தோணல," என்றார். "இதை நாங்க ஈரமில்லாம பார்த்ததெல்லாம் ஆட்டத்தோட முதல் அஞ்சு நிமிஷம்தான்."

மறுநாள் காலை அதை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி கிளப்புக்குத் தூக்கிப் போனார்கள். வெளுத்த சட்டையைக் கண்டதும் செயலாளர் முகம் சிவந்தார்.

"எந்த முட்டாள் செஞ்ச வேலை இது?"

வில்ஃப் வாயைத் திறப்பதற்குள் டெஸ்ஸா முன்னால் வந்தாள். "நான்தான்."

செயலாளர் திட்ட ஆரம்பித்தார். வில்ஃப் சட்டையை எடுத்து அவர் கையில் வைத்தார். தண்ணீர் கம்பளத்தில் கொட்டியது. கனம் தாங்காமல் செயலாளரின் கைகள் மெல்ல இடுப்புவரை இறங்கின. திட்டு பாதியில் நின்றது.

"இதைப் போட்டுக்கிட்டா ஓடினீங்க..." என்றவர், அதைப் பின்னால் நின்றவரிடம் பத்திரமாகக் கொடுத்தார். அதற்குள் அதைத் தூக்கிப் பார்க்க அங்கே ஒரு வரிசை உருவாகியிருந்தது.