ஹெல்மெட் போட்ட பாப்பாவும் கருப்பர் சேவலும்

1

இந்தக் கதை ஒரு டயரிலிருந்து பிறந்தது. திருமயம் தாண்டியதும் பஸ் பஞ்சராகி நின்றது. எல்லோரும் இறங்கினோம். சாலையோரத்து வீட்டு வாசலில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று, பெரியவர்கள் போடும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இட்லி தின்றுகொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றி ஒரு வாய் வைக்கும். இறக்கிவிட்டு மெல்லும். பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை.

"பாப்பா எங்க கெளம்பியாச்சு?"

"கக்கூசுக்கு."

உள்ளிருந்து அம்மா விளக்குமாற்றோடு ஓடி வந்தாள்.

"சார், அங்கிட்டே நில்லுங்க. அவரு கொட்டாய்க்குப் பின்னாடிதான் இருக்காரு."

வீட்டுக்காரரைச் சொல்கிறாள் என்று நினைத்து வணக்கம் சொல்லத் தயாரானேன். கொட்டகைக்குப் பின்னாலிருந்து வந்தது ஒரு சேவல். பஸ்ஸுக்குள் நான் ஏறிய வேகத்தைக் கண்டக்டர் இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

2

முதல் தொடக்கம்: 'செந்தூவிக் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு, தோல்வி அறியாத அந்த வீரன்...'

[அடித்துவிட்டேன். குழந்தையைக் கொத்துகிறவனை வீரன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: 'கத்தாரின் கொதிக்கும் வெயிலில் ரகுநாத் தன் மகளை நினைத்து...'

[இது கண்ணீர்த் தொடர். எனக்கு வேண்டியது சேவல் கதை.]

ஆகவே, டயர் மாற்றும்வரை அந்த அம்மா பஸ் ஜன்னலடியில் வந்து சொன்னதையும், நம்பர் வாங்கிப் பிறகு போனில் கேட்டதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பெயர் செவந்தி. குழந்தை இலக்கியா. அவளுக்கு ஒரு வயதில் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. அப்பா ரகுநாத் ஒரு சேவல் குஞ்சை ஊர்க் கருப்பருக்கு நேர்ந்துவிட்டான். குழந்தை பிழைத்தது. அடுத்த திருவிழாவில் சேவலைக் கொடுத்திருந்தால் கதையே இல்லை. முதல் மரியாதை யாருக்கு என்று ஊரில் இரண்டு கட்சி உண்டானது. தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் நடந்தது. அங்கே யார் முதலில் உட்காருவது என்பதில் அதுவும் நின்றது. மூன்று வருடமாகத் திருவிழா இல்லை. திருவிழா இல்லாமல் அந்தக் கோயிலில் கத்தி எடுக்கக் கூடாது.

ஒரு வருடம் வாழ வந்த சேவல் மூன்று வருடமாக வளர்கிறது. காலில் முள் விரல் நீளத்துக்கு நிற்கிறது. சாமி சேவலை யாரும் அடிப்பதில்லை, விரட்டுவதில்லை, எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுகிறார்கள். ஊரே ஒதுங்கினால் சேவல் என்ன நினைக்கும்? தனக்குத்தான் முதல் மரியாதை என்று நினைத்துவிட்டது. இரண்டு கட்சியும் ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அதுதான்.

(செவந்தி ஒருமுறை பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதை மூடி வைத்தாள். அன்று சாயங்காலமே குழந்தைக்கு உடம்பு சுட்டது. ஓடிப்போய்த் திறந்துவிட்டாள். சளிக் காய்ச்சல்தான் என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கு என்ன தெரியும்?)

3

ரகுநாத்தை வில்லனாக்கத்தான் முதலில் திட்டமிட்டேன். முடியவில்லை. வீடியோ காலில் நடந்ததைச் செவந்தி சொன்னபடி எழுதுகிறேன்.

"ஏங்க, நேத்து கண்ணுக்குக் கீழயே கொத்திருச்சு. ஒரு நெல்லு அளவு மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்."

"காட்டு."

காட்டினாள்.

"அது நம்ம புள்ள உசுருக்குப் பதிலா விட்டது செவந்தி. அதுக்கு ஒண்ணுன்னா, சாமி திருப்பிக் கேட்டா என்ன பண்ணுவ?"

"கண்ணு போனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஹெல்மெட்டு இருக்குல்ல? என் ஹெல்மெட்டப் போட்டு விடு."

இதைச் சொன்னவன் முட்டாள் இல்லை. பயந்தவன். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஒரு அப்பன் மகளுக்கு வேறு எதைத்தான் போட்டுவிட முடியும்? [கடைசி வாக்கியம் கண்ணீர்த் தொடருக்குப் போகிறது. இருக்கட்டும்.]

4

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "சேவல் கதை எப்ப வருது? முடிவு என்ன?"

மூன்று முடிவுகளைச் சொன்னேன்.

அ) இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து திருவிழா நடக்கிறது. "நம்புற மாதிரி எழுதுய்யா," என்றார்.

ஆ) சேவலைச் சந்தையில் விற்றுவிட்டு அதே நிறத்தில் சாதுவான ஒன்றை வாங்கி விடுகிறார்கள். இதைச் செவந்தியிடமும் கேட்டேன். "ஊர ஏமாத்தலாம் சார். மாத்தி விட்டது சாமிக்குத் தெரியாதா?"

இ) இலக்கியா பெரியவளாகும்வரை ஹெல்மெட்டோடு வாழ்கிறாள். "இது இலக்கியப் பத்திரிகைக்குப் போகும்," என்றார் ஆசிரியர். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் செவந்தியே கூப்பிட்டாள்.

"சார், கதைய முடிச்சிராதீங்க. நாளைக்குக் காலையில பூக்கட்டிப் பாக்குறோம்."

தெரியாதவர்களுக்கு: ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. சாமி முன்னால் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் திருவிழா இல்லாமலே சேவலைக் கொடுத்துவிடலாம் என்று கருப்பர் உத்தரவு. வெள்ளை வந்தால் காத்திருக்க வேண்டும். நேர்ந்த வீட்டார்தான் பொட்டலம் கட்டவேண்டும் என்பது அந்த ஊர் முறை.

5

அன்று சாயங்காலம் அந்தக் காட்சியை முன்கூட்டியே எழுதி வைத்தேன். தொடர் எழுதுகிறவர்கள் நடப்பதற்காகக் காத்திருப்பதில்லை. செவந்தி சமையல்கட்டில் உட்கார்ந்து இலையைக் கிழித்து மடிக்கிறாள். எழுதிக்கொண்டே வரும்போது கை தானாக எழுதியது: 'இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியையே வைத்தாள்.'

நல்ல வரி. ஆனால் உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதும்போது கேட்க வேண்டும். கூப்பிட்டேன்.

"செவந்தி, கதையில ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பே வச்சதா எழுதியிருக்கேன். சும்மா கற்பனைதான். போடலாமா?"

பாத்திரம் ஒன்றை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"யாரு சார் சொன்னா ஒங்களுக்கு?"

பேனாவை மூடி வைத்தேன்.

"அத எடுத்துருங்க சார். சாமி மன்னிச்சிரும். பூசாரி மூக்கன் மாமா ஒங்க பத்திரிகையத்தான் வாங்குறாரு."

[எடுத்துவிடுவதாகச் சொன்னேன். எடுக்கவில்லை. எல்லோருடைய பெயரையும் மாற்றிவிட்டேன். சேவலின் நிறத்தையும்.]

6

மறுநாள் நடந்தது, அதற்கடுத்த நாள் அவள் போனில் சொன்னபடி.

சேவலையும் சன்னதிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் மூக்கன். எதைப் பற்றிக் கேட்கிறோமோ அதுவும் நிற்க வேண்டுமாம். முந்தின நாள் கோழி அடையும் நேரத்தில் அவரே கூடையைப் போட்டு மூடிக் கொண்டுபோயிருந்தார். பொட்டலங்களை வாங்கிப் பீடத்தடியில் வைத்தார்.

"பாப்பா ஹெல்மெட்டக் கழட்டு ஆத்தா. சாமி முன்னாடி தலையில எதும் இருக்கப்படாது."

"மாமா, கூடை மூடித்தானே இருக்கும்?"

"தெறக்கணும்ல. சாமி சேவல மூடி வச்சுக்கிட்டு உத்தரவு கேக்கலாமா?"

கழற்றினார்கள். திறந்தார்கள். இலக்கியா பொட்டலம் எடுக்கக் குந்தினாள். குந்தினால் அவள் கண்ணும் சேவலின் அலகும் ஒரே உயரம்.

சேவல் கழுத்தைச் சிலிர்த்து ஓடி வந்தது. சுற்றி நின்றவர்கள் பழக்கப்படி ஒதுங்கினார்கள். செவந்தி ஒதுங்கவில்லை. பாய்ந்து விழுந்து இரண்டு கையாலும் அதன் முதுகைத் தரையோடு அமுக்கினாள். சாமி சேவல் மேல் அந்த ஊரில் முதன்முதலாக ஒரு கை பட்டது.

எல்லோரும் கருப்பரைப் பார்த்தார்கள். கருப்பர் எப்போதும்போல நின்றார்.

சேவல் கொஞ்சம் துடித்தது. பிறகு தலையைத் தரையில் வைத்துக்கொண்டது. செவந்தி மெதுவாக எடுத்து அக்குளில் இடுக்கினாள். அப்படியே கிடந்தது. இலக்கியா எழுந்து வந்து ஒரு விரலால் அதன் வாலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாம்மா?"

குழந்தையின் இன்னொரு கையில் பொட்டலம் இருந்தது. மூக்கன் அதை வாங்கிக்கொண்டார்.

"பிரிக்கவா ஆத்தா?"

உள்ளே என்ன பூ என்று செவந்திக்குத் தெரியும். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அக்குளில் இருந்ததற்கு மட்டும் தெரியாது.

"என்ன சொன்னீங்க?" என்று போனில் கேட்டேன்.

"கொஞ்சம் இருங்க சார். பாப்பாவ ஸ்கூல் வேன் ஏத்தணும்."

காத்திருந்தேன். வேன் ஹாரன் கேட்டது. வாசலில் குழந்தை ஓடும் சத்தம், "மெல்லப் போடி!" என்ற குரல், கதவு சாத்தும் ஒலி. செவந்தி திரும்ப வந்தாள்.

"ஏத்திட்டேன் சார். ஹெல்மெட்டு இல்லாம தனியாவே ஓடிப் போயி ஏறிட்டா. என்ன கேட்டீங்க?"

பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவியது. பக்கத்து வீட்டுச் சேவலாகவும் இருக்கலாம்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன்.