கடிப்பவர்கள் பட்டியல்

மூன்றே அறைகள் கொண்ட அந்தப் பிராணி மருத்துவமனைக்குப் புது மென்பொருள் வாங்கச் சொல்லி, அதை விற்கும் கம்பெனி ஆறு வருடமாகக் கடிதம் மேல் கடிதம் போட்டது. டாக்டரம்மா அசைந்து கொடுக்கவில்லை.

காரணம் நட்சத்திரம். எந்தப் பிராணி கடிக்கும் என்று குறிக்கப் பழைய மென்பொருளில் இடமில்லை. அதனால் வரவேற்பு மேசையைக் கவனிக்கும் டாக்டரின் நாத்தனார், பிராணியின் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி தட்டி வைத்திருந்தாள். ஒன்றென்றால் முறைக்கும். மூன்றென்றால் கையுறை இல்லாமல் நெருங்கக்கூடாது. புது மென்பொருளோ பெயரில் எழுத்தைத் தவிர வேறெதையும் ஏற்காதாம்.

"நாலாயிரம் பேர்ல யார் கடிப்பாங்கன்னு என் விரலை நீட்டியா பார்க்கிறது?" என்பார் டாக்டர்.

கடைசியில் பழைய கணினி படுத்துவிட்டது. புதுக் கணினியில் பழைய மென்பொருள் ஓடவே இல்லை. தகவல்களின் நகல் மட்டும் பத்திரமாக இருந்தது. வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனிப் பெண்ணை வரவழைத்தார்கள்.

தகவல்கள் ஏறி முடிந்ததும் திரையில் ஒரு சிவப்புப் பட்டியல் வந்தது.

"டாக்டர், இருநூத்திப் பன்னிரண்டு பெயரை மட்டும் எடுத்துக்க மாட்டேங்குது," என்றாள் அந்தப் பெண்.

"நான் அப்பவே சொன்னேன்," என்று டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, இதைப் பாருங்க. எல்லாமே நட்சத்திரம் வச்சது. கடிக்கிறதுங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கு."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். புதியதில் ஒவ்வொரு பிராணிக்கும் 'கவனம்' என்று தனிக் கட்டமே இருந்தது. நட்சத்திரத்தை நீக்கிப் பெயரை ஏற்றி, கட்டத்தை நிரப்ப மூவரும் உட்கார்ந்தார்கள்.

"தங்கம். மூணு நட்சத்திரம்."

"அந்த வெள்ளைப் பூனைதானே? கைக்கடிகாரத்தோட சேர்த்துக் கடிச்சுதே."

"ஆமை ஒண்ணு இருக்கு, அண்ணி."

"அது லேசுல விடாது. விரலைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கும்."

கம்பெனிப் பெண் சிரித்துச் சிரித்து நீர் வந்த கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு கட்டம் இருந்தா நல்லா இருக்கும், டாக்டர்."

ஒரு கிழட்டு நாயின் பெயரில் நாத்தனாரின் விரல் நின்றது. "இதுக்கு இப்ப பல்லே கிடையாது. கவனம்னு போட வேண்டாம்தானே?"

"போடு, போடு," என்றார் டாக்டர். "இத்தனை வருஷமா சம்பாதிச்ச மரியாதை. அதை நாம கெடுக்க வேண்டாம்."