கூவலை வெட்டிய கல்யாணப் பாட்டு

எங்கள் கட்டடம் விழப்போகிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் படிக்கட்டு மட்டும் விழுந்தது. அதற்கப்புறம்தான் நகராட்சிக்குக் கண் தெரிந்தது. ஓரான் நகரத்துக்கு வெளியே, நேற்றுவரை கோதுமை விளைந்த இடத்தில், அடுக்குமாடி எழுப்பி ஆளுக்கொரு வீடு என்றார்கள். வியாழக்கிழமை லாரி வரும், குடும்பத்துக்கு ஒரு லாரி, ஒரே நடை, ஏறாதது இடிபாட்டோடு போகும் என்றார்கள். அதுவரை மர ஏணி வைத்து ஏறி இறங்கினோம். என் வயதில் ஏணி ஏறி வீட்டுக்குப் போகிறவன் திருடனாகத்தான் இருப்பான்.

என் மனைவி ஹவாரியா எது ஏறும் எது ஏறாது என்று முழம் போட ஆரம்பித்தாள். மெத்தைகள் ஏறும். தையல் மிஷின் ஏறும். அவள் அம்மா கொடுத்த செம்புப் பானை, அதில் ஒரு ஊருக்கே சமைக்கலாம், நாங்கள் இரண்டே பேர், அதுவும் ஏறும்.

"இந்தச் சனியன் ஏறாது" என்று என் கேசட் மூட்டைகளைக் காலால் தள்ளினாள்.

நான் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயரை இழுத்து டேப்ரெக்கார்டரில் செருகிவிடுவேன். பாடகனிடம் அனுமதி கேட்டதில்லை. அவனவன் போதையில் என் வயரிலேயே தடுக்கி விழும் நிலையில் இருப்பான், அவனிடம் என்ன அனுமதி. அப்படிச் சேர்ந்தவைதான் இந்த மூட்டைகள். எங்கள் பேட்டையில் நடந்த கல்யாணம், சுன்னத்து, ஒன்று விடாமல் அதில் இருக்கிறது.

ஹவாரியா தங்கையிடம் புலம்பினாள். தங்கை வேறு யாரிடமோ புலம்பினாள். புலம்பல் கடல் தாண்டி பிரான்ஸ் வரை போய், நஸீம் என்ற ஒருவனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அவன் பிறந்தது லியோனில். அப்பா எங்கள் பேட்டைக்காரர் என்றான். வாங்க வருகிறவன் எல்லாம் அப்படித்தான் சொல்வான். பழைய கேசட்டுகளைச் சுத்தம் செய்து இசைத்தட்டாகப் போடுவது அவன் தொழிலாம். ஏணியில் ஏறி வந்தவன் பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு கேசட்டைத் தொட்டான். பிணத்தைக் குளிப்பாட்ட வந்தவன் மாதிரி இருந்தது.

"ஹாஜி, இது பொக்கிஷம்" என்றான்.

"நான் ஹஜ்ஜுக்குப் போனதில்ல. ஹாஜி கீழ் வீட்டுல இருக்கான், வேணும்னா அவனைப் போய்க் கூப்பிடு."

"எல்லாத்தையும் எடுத்துக்கிறேன், பெரியவரே. ஒண்ணுகூட வீணாகாது."

ஒன்றை மாதிரிக்குச் சுத்தம் செய்து காட்டுகிறேன் என்று கேட்டான். கேசட்டை வாசல் தாண்ட விடுவேனா? என் வீட்டிலேயே, என் மிஷினிலேயே ஓடவிட்டுத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டான். முடியும்வரை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு வருகிறேன் என்று ஏணி இறங்கிப் போனான்.

அவன் தலை மறைந்ததும், கேசட் ஓடின சத்தம் கேட்டுக் கீழ் வீட்டு ஹாஜி ஜில்லாலியின் தலை ஏணியில் முளைத்தது. இளைப்பில் பேச்சு வரவில்லை. ஆனாலும் திட்டினான்.

"வெக்கமில்ல உனக்கு? அதுல என் பேரு இருக்கு மஜ்தூப்! என் பேரு!"

இங்கே எங்கள் கல்யாண வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் பாட்டை யாரும் முழுசாகக் கேட்பதில்லை. பாடகன் பக்கத்தில் பர்ராஹ் என்று ஒருவன் நிற்பான். அவன் கையில் நோட்டைத் திணித்தால் பாட்டை நிறுத்திவிட்டு உன் பேரைச் சொல்லி, இந்தப் பாட்டு இன்னாருக்கு என்று கூவுவான். பெண்பிள்ளை பேரைச் சொல்லக்கூடாது, அதனால் அடையாளம் சொல்லுவான். உன்னைப் பிடிக்காதவன் அதைவிடப் பெரிய நோட்டைத் திணித்து உன் பாட்டை நிறுத்திவிட்டுத் தன் பேச்சைக் கூவச் சொல்லுவான். இப்படியே விடியும். எங்கள் பேட்டை பர்ராஹ் தய்யெப் நாக்கில் எலும்பில்லாதவன். செத்தும் போய்விட்டான். அவன் குரல் எங்கேயாவது மிச்சமிருந்தால் அது என் மூட்டையில்தான்.

ஜில்லாலி அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். தாடியும் கிடையாது, தொழுகையும் கிடையாது. நஸீம் ஏற்றிக்கொண்டு போன அதே கேசட்டில் தய்யெப் கூவுகிறான்: "பஸ் டிரைவர் ஜில்லாலி சொல்றான், இந்தப் பாட்டு மாடி ஓரத்துல நிக்கிற பச்சை முக்காட்டுக்கு! அவ ஏறுறதா இருந்தா பஸ்ஸைக் கடலுக்குள்ளயும் ஓட்டுவானாம், டிக்கெட் வேண்டாமாம்!"

பச்சை முக்காடு ஹவாரியாவுடையது. அவளை நான் பார்த்து வைத்திருந்தேன். வாடகைக்கு வந்த மைக்செட்காரன் நோட்டு கொடுத்துப் பாட்டை நிறுத்தினது பேட்டை வரலாற்றிலேயே அன்றைக்குத்தான். "மைக்செட் மஜ்தூப் சொல்றான், பஸ் ரிப்பேராம், எல்லாரும் இறங்கி நடங்க!" என்று தய்யெப் கூவினான். உடனே ஜில்லாலி மறுபடி திணித்தான். "பஸ் கிளம்பிடுச்சு! வயர் சுத்துறவனை மட்டும் ஏத்தாதாம்!" அன்றைக்கு அந்தப் பாட்டு சேர்ந்தாற்போல் ஒரு அடிக்கு மேல் நகரவில்லை.

"என் சம்பந்தி பள்ளிவாசல் இமாம்டா" என்றான் ஜில்லாலி. "பிரான்ஸ்காரன் தட்டுல போட்டான்னா உலகம் பூரா கேக்கும். மொத்தத்தையும் கொளுத்திடு. மண்ணெண்ணெய் நான் தரேன்."

"மண்ணெண்ணெயை நீயே குடி."

மறுநாள் நஸீம் வந்தபோது ஜில்லாலி எனக்கு முன்னாடியே என் வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஹவாரியா சுடச்சுட கரந்திக்கா வாங்கி வந்து ரொட்டிக்குள் வைத்து எல்லாருக்கும் கொடுத்தாள். கடலை மாவுப் பண்டத்தைக் கையுறையோடு சாப்பிடப் பார்த்த ஒரே மனிதன் நஸீம்தான்.

ஜில்லாலி தன் கவலையைச் சுற்றி வளைத்துச் சொன்னான். நஸீம் சிரித்தான்.

"அந்தக் கத்தலா? கவலையே படாதீங்க ஹாஜி. அதையெல்லாம் வெட்டிட்டேன். பாட்டு மட்டும்தான் இருக்கும், சுத்தமா."

ஜில்லாலி முகம் பூரியாக உப்பியது. "படிச்ச பிள்ளைன்னா இதான்! மஜ்தூப், யோசிக்காதே, குடுத்துடு. லாரில இடமும் மிச்சம், பாவமும் மிச்சம்."

"குடுத்துத் தொலை மனுஷா" என்றாள் ஹவாரியா.

எல்லாரும் ஒரே பேச்சாகப் பேசினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். "மொதல்ல போடு, கேப்போம்" என்றேன்.

போட்டான். பாட்டு ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. தபலா, வயலின், அக்கார்டியன், எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. ரொம்ப நன்றாக இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பாடகன் ஆயுசில் அவ்வளவு ஒழுங்காகப் பாடினவனே இல்லை. நடுவில் ஒரு இடத்தில் "ஹோய்!" என்றான். யாருக்கு ஹோய், எதற்கு ஹோய், ஒன்றும் தெரியவில்லை. யாரும் வராத கல்யாணத்தில் தனியாக நின்று பாடுகிறவன் மாதிரி பாடிக்கொண்டே போனான்.

ஜில்லாலி மெல்ல முன்னால் சாய்ந்தான். கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. பாட்டு இன்னும் கொஞ்சம் போனது. நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸைப் பார்க்கிறவன் மாதிரி கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"இங்கதான் வரணும்" என்றான்.

"எது ஹாஜி?"

"நான்."

நஸீமுக்குப் புரியவில்லை. "நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"யாரும் கேக்க வேண்டாம்னேன். நான் இல்லவே இல்லைன்னு ஆக்கச் சொன்னேனா? ஒரு வாரச் சம்பளம்யா அது! அந்த 'ஹோய்' எனக்குப் போட்டது!"

"இங்க உள்ளவங்களுக்குத் தெரியும். அங்க கேக்குறவங்களுக்கு நீங்க யாருன்னு தெரியாதே. பாட்டு நடுவுல ஒருத்தர் கத்துறது அவங்களுக்கு இடைஞ்சல்."

"தம்பி, பாட்டுதான் நடுவுல வந்த இடைஞ்சல்" என்றேன். "நாங்க கல்யாணத்துக்குப் போனதே கத்துறதுக்கு."

நல்ல பையன்தான், பொய் சொல்லவில்லை. இரண்டு மூன்று கூவலைக் கடைசியில் தனியாகச் சேர்க்கலாம், அதற்கு மேல் யாரும் வாங்க மாட்டார்கள் என்றான். என்னைச் சேர்க்காதே என்றான் ஜில்லாலி. உடனே, சேர்த்தால் முதலில் என்னைத்தான் சேர்க்க வேண்டும் என்றான். சம்பந்தி ஞாபகம் வந்ததும் தாடியைத் தடவினான்.

ஹவாரியா செம்புப் பானையைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு கிழவனும் எதுக்கு இப்படி அடிச்சுக்கிறீங்க? நீங்க கூவினப்ப நான் மாடியிலயே இல்ல. அன்னிக்கு ஆட்டுக்கறி சரியில்ல, வயித்தால போயிட்டிருந்துச்சு. முக்காட்டை எங்க அத்தை தலையில போட்டுட்டு ஓடினேன்."

"எந்த அத்தை?" என்றேன்.

"பல்லில்லாத அத்தை. ஒரு மாசம் சந்தோஷமா இருந்தாங்க, பாவம்."

ஜில்லாலி என்னைப் பார்த்தான். நான் ஏணியைப் பார்த்தேன். நஸீம் சிரிப்பை அடக்க ரொட்டியைக் கடித்தான்.

அந்த அத்தையும் இப்போது இல்லை. அவளை நோக்கி இரண்டு மடையர்கள் சண்டை போட்ட சத்தம் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. இப்படி எத்தனை மடையர்கள் அந்த மூட்டைகளில் இருக்கிறார்களோ! ஒவ்வொருவனையும் வெள்ளைக் கையுறை பொறுக்கி எடுத்து வெளியே போட்டுவிடும்.

"கேசட் விற்பனைக்கு இல்ல, தம்பி. இன்னொரு ரொட்டி சாப்பிட்டுட்டுப் போ" என்றேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். ஏணியில் கால் வைத்தவன், தன் அப்பா பேர் எந்தக் கேசட்டிலாவது இருக்குமா என்று கேட்டான். பேர் கேட்டேன். சொன்னான். தய்யெப் அவன் பேரை அதிகம் கூவினதில்லை, நோட்டு நீட்டாத கஞ்சன் என்றேன். ஆமாம், அவர்தான் என்றான். முதன்முறையாக அவனை நம்பினேன்.

லாரிப் பிரச்சினை அப்படியே இருந்தது. ஹவாரியா இம்மியளவும் இறங்கவில்லை.

"என் லாரில இடம் இருக்கு" என்றான் ஜில்லாலி. "பொண்ணுங்க கட்டில் எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயாச்சு."

"போற வழியில உப்பு ஏரில தள்ளிடுவே."

"தள்ளமாட்டேன்."

"அல்லாஹ் மேல சத்தியமா?"

யோசித்தான். அவன் யோசித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் இப்படிப் பேசி முடித்தோம். அவன் பேர் உள்ள கேசட் எல்லாம் என் மடியில் வரும். மற்றதெல்லாம் அவன் லாரியில். அப்படியானால் உன்னைத் திட்டிக் கூவினது எல்லாம் என் கையில்தானே என்றான். எடுத்துக்கொள் என்றேன். தய்யெப் என்னைத் திட்டாத கேசட்டே கிடையாது.

வியாழக்கிழமை என் லாரி டிரைவரை அவன் லாரிக்குப் பின்னாலேயே ஒட்டி ஓட்டச் சொன்னேன். ஏரிக்கரை வந்ததும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். அவனும் தலையை நீட்டி என்னைப் பார்த்தான்.

புது வீட்டில் அவன் ஐந்தாவது மாடி, நான் இரண்டாவது. லிஃப்ட் இருக்கிறது, ஓடவில்லை. ஹவாரியா புது வீட்டுக்குள்ளும் மூட்டைகளை விடவில்லை, அவனே முனகிக்கொண்டு தன் வீட்டுக்குத் தூக்கிப் போனான். அவனிடம் டேப்ரெக்கார்டர் கிடையாது. பேரனை விட்டு ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டான், கொஞ்ச நேரம் இரவல் வேண்டுமாம். வேணும்னா கேசட்டை எடுத்துக்கொண்டு அவனே இறங்கி வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.